இருபத்தேழாம் நாள்

31 நாள் வயதான நாய்க்குட்டி ஒன்றை 45 நாள் ஆகிவிட்டது என்று சொல்லி விற்றேன். அதற்குக் காது கேட்காது. அது எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. இந்த இரண்டும்தான் என் குற்றம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு பேர்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன் நான். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது பழக்கம். 2022 மார்கழியில் எங்கள் வெள்ளச்சி ஆறு குட்டி போட்டது. அன்று முதல் தினமும் எழுதினேன். அந்த நோட்டு எனக்கு எதிரான சாட்சி. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளச்சி ராஜபாளையம் இனம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். 2005இல் இந்த நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது பத்துத் தலை வாங்கிப் பத்திரப்படுத்தினவன் நான். முதல் ஈத்தில் வெள்ளச்சி நல்ல குட்டிகளாகப் போட்டது. அதிலிருந்து எனக்கு ஊரில் ஒரு பெயர். "அண்ணாச்சி வீட்டுக் குட்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் போதையாக இருந்தது. நாயைவிட அந்தச் சொல்லின் மேல்தான் எனக்கு ஆசை என்பது அப்போது எனக்கே தெரியாது.

முதல் பக்கத்தில் ஆறு எடைகள் இருக்கின்றன. 380 கிராமிலிருந்து 440 கிராம் வரை. அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, ஊதா, பச்சை. நான் சொல்லப்போவது பச்சை நூல் குட்டியைப் பற்றி.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். வாசனையும் சூடும்தான் அதற்கு உலகம். குளிரெடுத்தால் நடுங்கக்கூட அதன் உடம்புக்குத் தெரியாது. தாயின் வயிற்றையோ கூடப்பிறந்ததின் முதுகையோ தேடி ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். மார்கழிப் பனிக்காகப் பெட்டிக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டேன். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கிருந்து கழிவுத் துணி ஒரு மூட்டை வாங்கிவந்து மெத்தையாக விரித்தேன். முதல் நாளே ஆறும் சீம்பால் குடித்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றுக்குத் தாமாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. வெள்ளச்சி அடிவயிற்றை நக்கிக்கொடுத்தால்தான் போகும். அதையும் எழுதியிருக்கிறேன்.

பத்தாம் நாள் எடை இரண்டு மடங்கு. அன்றைக்கே முன்பணம் வாங்க ஆரம்பித்துவிட்டேன். கண்கூடத் திறக்காத குட்டிகளுக்கு மூன்று பேரிடம் ஆளுக்கு 2,000 ரூபாய்.

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தன. பதினான்காம் நாள் பூச்சி மருந்து வாங்கக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்குப் புழு வரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. கூடவே இன்னொன்றும் சொன்னார். "எட்டு வாரம் ஆகாம எந்தக் குட்டியையும் கொடுத்துராதீங்க. 2017லயே சட்டம் வந்திருக்கு. சட்டத்துக்காக மட்டும் சொல்லல." நான் தலையாட்டினேன். நோட்டிலும் எழுதினேன். "எட்டு வாரம்" என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்தக் கோட்டை இப்போது பார்க்கக் கூசுகிறது.

இருபதாம் நாள் பக்கத்தில் ஒரு வரி. "இன்று குக்கர் விசிலுக்குக் குட்டிகள் திடுக்கிட்டன." காது திறந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சி. எத்தனை திடுக்கிட்டன என்று எண்ணவில்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று துள்ளினால் மற்றதெல்லாம் அசையும். அந்தக் குவியலுக்குள் கேட்காத காது ஒளிந்துகொள்ளும்.

இருபத்துநான்காம் நாள் என் மனைவி கையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று தவறி விழுந்தது. ஐந்து குட்டிகள் தாயிடம் ஓடின. பச்சை மட்டும் மூலையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தட்டு சுழன்று அடங்கும்வரை தூங்கியது. "பச்சைக்கு நல்ல தூக்கம்" என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குள் ஏதோ நழுவியது. வெள்ளை நாய்களில் சில செவிடாகப் பிறக்கும் என்பது எங்கள் ஊரில் நாய் வளர்க்கிறவர்கள் அறிந்த விஷயம். அதைச் சத்தமாகச் சொல்லமாட்டோம்.

இருபத்தேழாம் நாள் இரவு. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கிண்ணத்தில் கொஞ்சம் கேழ்வரகுக் கூழும் பாலும் வைத்தேன். அது குனிந்து நக்கத் தொடங்கியது. பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன். நக்கிக்கொண்டே இருந்தது. சொடக்குப் போட்டேன். திரும்பவில்லை. கரண்டியால் பாத்திரத்தை ஓங்கித் தட்டினேன். கூடத்தில் வெள்ளச்சி குரைத்தது. பச்சை கிண்ணத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். தரை அதிர்ந்தது. உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அந்த நாளுக்கான பக்கத்தில் எடை மட்டும் இருக்கிறது. 2 கிலோ 400 கிராம். வேறு ஒன்றும் எழுதவில்லை. 27 நாளில் நான் எழுதாமல் விட்ட ஒரே விஷயம் அது.

விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். குட்டி என் காலில் ஏறிப் படுத்துத் தூங்கியது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் யோசித்தேன். வெள்ளச்சியின் வம்சத்தில் செவிடு என்று தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும்? மற்ற ஐந்தையும் யார் வாங்குவார்கள்? முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால்? பயமும் கர்வமும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டன. எட்டு வாரக் குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும். செவிட்டுக் குட்டி வராது. வாங்க வருகிறவன் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவான். ஆனால் ஒரு மாதக் குட்டி எதுவுமே கூப்பிட்டால் வராது. அந்த வயதில் கேட்கிறதும் கேட்காததும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும். முதலில் பச்சையைக் கொடுத்துவிட வேண்டும்.

இதைக் குழப்பத்தில் செய்யவில்லை. பொறுமையாக உட்கார்ந்து திட்டம் போட்டேன்.

முன்பணம் கொடுத்தவர்களில் ஒரு தம்பி தென்னந்தோப்புக்காரர். எப்போது தருவீர்கள் என்று அடிக்கடி கேட்பார். "சின்னதா கொண்டுபோனாத்தான் அண்ணாச்சி ஒட்டும்" என்று அவரும் சொல்லியிருந்தார். மறுநாள் அவருக்குத்தான் போன் போட்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். குட்டி சின்னதாக இருக்கிறதே என்று அந்தப் பெண் கேட்டார். "45 நாள் ஆச்சும்மா. ஆறு குட்டியில்லையா, பால் பங்கு போயிருக்கும்" என்றேன். பொய் அவ்வளவு இயல்பாக வந்தது. நான் வளர்த்த குட்டியைப் பால் போதாத குட்டியாக்கினேன்.

அந்தச் சிறுமி தரையில் உட்கார்ந்தாள். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ பேசினாள். பச்சை அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காது கேட்காத குட்டி முகத்தைத்தான் பார்க்கும். வேறு வழி அதற்கில்லை. "தாத்தா, என்னையே பாக்குது" என்றாள். "உன்னைப் பிடிச்சுப்போச்சு கண்ணு. கண்ணை எடுக்குதா பாரு" என்றேன். அதன் குறையை அதன் அன்பாகக் காட்டி விற்றேன். இதைவிடக் கீழான ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

பாக்கிப் பணம் 10,000. எண்ணி வாங்கினேன். பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பேண்டேஜ் துணி ஒன்றைப் போட்டுக் குட்டியை வைத்துக் கொடுத்தேன். அது பால்கோவா மாதிரி இருக்கிறது என்று சிறுமி அதற்குக் கோவா என்று பெயர் வைத்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

ஒரு பொய் மற்ற ஐந்தையும் இழுத்தது. ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு பிறந்தநாள் இருக்க முடியாது. பச்சைக்கு 45 நாள் என்றால் மற்றவற்றுக்கும் 45 நாள்தான். அவற்றை வீட்டில் வைத்திருந்து யாராவது பார்த்துக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். ஐந்தே நாளில் ஐந்தையும் கொடுத்தேன். வெள்ளச்சிக்குப் பால் வற்றவில்லை. மடி கல்லாக வீங்கியது. பெட்டியிலிருந்து துணியைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டு அடியில் தேடியது. இரவெல்லாம் அனத்தியது. காலி பெட்டியை எடுத்து மாடியில் வைத்தேன். தாயின் துக்கத்துக்கு நான் செய்த பரிகாரம் அதுதான்.

அந்தக் குட்டிகளிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்பதும் நோட்டிலேயே இருக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் எழுதியது இது. "சிவப்பு மஞ்சளின் காதைக் கடித்தது. மஞ்சள் வீறிட்டு விலகிப் போய்விட்டது. சிவப்பு விளையாட ஆளில்லாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் போய் மெதுவாகக் கவ்வியது." பால்பல் ஊசிபோல இருக்கும் வயது அது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்ததிடம். மிஞ்சிப்போனால் தாய் உறுமி அடக்கும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை இந்தப் பாடம்தான் இரவும் பகலும் நடக்கும். மனிதர் அதை அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. பாடம் தொடங்கிய வாரத்திலேயே பள்ளிக்கூடத்தை மூடினேன்.

ஐந்தில் ஒன்று, நீல நூல், போன வீட்டில் பத்தாவது நாள் பார்வோ வந்து ரத்தமாகக் கழிந்து இறந்தது. என்னிடம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. உரிய வயதுவரை வைத்திருந்தால் ஊசி போட்டு அனுப்பியிருப்பேன். அதை அடித்துச் சொல்ல முடியும்.

மார்ச் மாதம் தோப்புக்காரத் தம்பி போன் செய்தார். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது அண்ணாச்சி. காது கீது கேக்காதோ?" அவரே கேட்டார். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கதவு எனக்காகத் திறந்து இருந்தது. நான் சொன்னது இது. "அதெல்லாம் இல்ல தம்பி. இந்த ஜாதிக்கு வீம்பு ஜாஸ்தி. கொஞ்சம் கண்டிச்சு வளங்க." அவர் நன்றி சொல்லி வைத்தார்.

ஜூனில் மறுபடி போன். அவர் குரல் உடைந்திருந்தது. குட்டி திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மகள் போய்க் கட்டிப்பிடித்திருக்கிறாள். அது அலறி எழுந்து கடித்துவிட்டது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே. அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி மருந்து செலுத்தி, வெறிநாய்க்கடி ஊசியும் ஆரம்பித்திருந்தார்கள். "உங்க வீட்டுக் குட்டி இப்படிச் செய்யுமா அண்ணாச்சி?" என்றார். நான் "வளர்ப்புல இருக்கு தம்பி" என்றேன். மகள் கன்னம் கிழிந்து கிடக்கிற தகப்பனிடம் அதைச் சொன்னேன்.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போய் உண்மையைச் சொல்லவில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

ஆகஸ்டில் வெள்ளச்சிக்குக் கருத்தடை செய்யக் கூட்டிப்போனேன். அதன் காதைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார். "போன ஈத்துல செவிடு ஏதும் உண்டா?" இல்லை என்றேன். பிறகு அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உட்காதுக்கும் வேண்டும். மிக வெள்ளையான நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில வாரத்திலேயே உட்காது நலிந்துவிடும். செவிட்டுக் குட்டியை வளர்க்க முடியும் என்றார். கையசைவில் பழக்கலாம். தூங்கும்போது தொடாமல், தரையைத் தட்டி எழுப்பக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அது எழுந்து கடித்ததில் கோபமில்லை, பயம்தான். பயத்தில் கடிக்கும்போது அடக்கிக் கடிக்கவும் அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டு நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965இல் எழுதிய புத்தகத்தைப் பற்றியும் சொன்னார். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை ஒரு குட்டி யாரோடு எப்படிப் பழகுகிறதோ, அதுதான் பின்னால் அதன் குணமாக நிற்கும். "அந்த வாரங்கள் திரும்ப வராது" என்றார்.

மறுநாள் 12,000 ரூபாயை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். நாளைச் சொன்னேன். சமையலறையைச் சொன்னேன். சாவிக்கொத்தைச் சொன்னேன். மார்ச் மாதம் போனில் சொன்னது பொய் என்றேன்.

அந்தத் தம்பி வெகுநேரம் பேசவில்லை. அவர் கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்துப் போனேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க கண்டிக்கச் சொன்னீங்க அண்ணாச்சி. கூப்பிட்டு வரலைன்னா தென்னை மட்டையால அடிச்சோம். நான் அடிச்சேன். இவ அடிச்சா. ஏன் அடிக்கிறோம்னே அதுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் குழந்தைக்குத் தழும்பு தந்தது மட்டும்தான் என் பாவம் என்று எண்ணிப் போயிருந்தேன். இரண்டு நல்ல மனிதர்களை, காது கேட்காத குட்டியை அடிக்கிறவர்களாக நான் மாற்றியிருந்தேன். அவர்களுக்குத் தெரியாமலே மாற்றியிருந்தேன். அதை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள். பணத்தை யாரும் தொடவில்லை.

கோவா எங்கே என்று கேட்டேன். கடித்த மறுநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டார்கள். இடத்தைச் சொன்னார். நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடினேன். டீக்கடைகளில் விசாரித்தேன். லாரிகள் ஓயாமல் போகிற சாலை அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடவும் முடியாது. கிடைக்கவில்லை.

மற்ற வீடுகளுக்கும் போய் உண்மை வயதைச் சொன்னேன். இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் பரவாயில்லை என்றதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோப்பிலிருந்து கிளம்பும்போது அந்தச் சிறுமி வாசலில் நின்றிருந்தாள். கன்னத்தில் தழும்பு ஒரு விரல் நீளம். நான் உள்ளே சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"தாத்தா, கோவாவுக்குக் காதே கேக்காதா?"

"கேக்காது கண்ணு."

"நான் தினம் கதை சொல்வேனே. அதுவும் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொன்னேன். அவளிடமாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் அழுதாள்.

அன்று இரவு நோட்டை எடுத்தேன். இருபத்தேழாம் நாள் பக்கத்தில் எடைக்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது. அன்றைய தேதியைப் போட்டு, அதில் எழுத வேண்டியிருந்த வரியை எழுதினேன். "பச்சைக்குக் காது கேட்கவில்லை. வாங்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும்."